இரண்டாவது எஜமானர்

எங்கள் ஊர் டூரிங் டாக்கீஸில் நான் பார்த்த படங்களின் கதைகள் பலவும் மறந்துபோய்விட்டன. ஆனால் கொட்டகைக்குப் பின்னால், ஒரு கீற்றுச் சார்ப்பின் கீழ் நின்றுகொண்டிருந்த எஞ்சினின் சப்தம் மட்டும் இன்னும் காதில் இருக்கிறது. 1988-ஆம் வருஷம் என்று நினைக்கிறேன். எனக்கு எட்டு வயது. ஊருக்கு மின்சாரம் வந்து எத்தனையோ காலம் ஆகியிருந்தது. ஆனாலும் இரண்டாம் ஆட்டத்தின் நடுவில் திடீரென்று கண்ணை மூடிக்கொள்வது அதற்கு வழக்கம். கொட்டகை இருளில் மூழ்கும். சீட்டியொலி வானைப் பிளக்கும். பின்னால் ஒருவர் இரும்புக் கைப்பிடியைச் செருகிப் பல்லைக் கடித்துக்கொண்டு சுற்றுவார். முதலில் ஓர் இருமல். பிறகு இரண்டு இருமல். அப்புறம் ‘டுப், டுப், டுப்’ என்று எஞ்சின் நிதானமாகப் பேசத் தொடங்கும். பாதி அழுகையில் நின்றுபோன தாயார் திரையில் மீதி அழுகையைத் தொடர்வார்.

நான் பல நாள் படத்தை விட்டுவிட்டு எஞ்சினைப் பார்க்கப் போயிருக்கிறேன். அதன் உடம்பில் நீலம் பூசியிருந்தது. நீலம் உரிந்த இடத்தில் சிவப்புத் தெரியும். சிவப்பும் உரிந்த இடத்தில், அடியோடு அடியாக, ஒரு மங்கிய பச்சை. “இது பர்மா சண்டையிலே ஓடின எஞ்சின், தம்பி. வெள்ளைக்காரன் விட்டுட்டுப் போனது” என்பார் அதை ஓட்டுகிறவர். உண்மையோ, பொய்யோ, அந்தப் பச்சையைப் பார்த்தால் எனக்கு மெய் சிலிர்க்கும். இடையில் அது ஓர் அரிசி மில்லிலும் ஒரு செங்கல் சூளையிலும் ஊழியம் செய்தது என்பது ஊரறிந்த விஷயம். அவற்றைப் பற்றி மட்டும் அவர் சொல்லமாட்டார். அரிசி மில்லில் என்ன பெருமை இருக்கிறது?

புதிய யந்திரங்களின் சரித்திரத்தை எழுதுவதற்கு ஆட்கள் உண்டு. பழைய யந்திரத்தின் சரித்திரம் காயலான் கடைக்காரரின் நோட்டுப் புத்தகத்தோடு நின்றுவிடுகிறது. இது நியாயமில்லை என்று எனக்கு நெடுநாளாக ஒரு குறை. ஏனெனில், டீசல் எஞ்சின் முதல் எஜமானரை விட்டு இரண்டாவது எஜமானரின் வாசலுக்கு வரும்போதுதான், அதைக் கண்டுபிடித்தவர் அதனிடம் எதிர்பார்த்த காரியத்தைச் செய்யத் தொடங்குகிறது. இப்படி நான் சொல்வது விசித்திரமாகத் தோன்றலாம். ஆகையால் அந்த மனிதரின் கதையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

ருடால்ப் டீசல் 1858-ல் பாரிஸ் நகரத்தில் பிறந்தார். ஜெர்மானியக் குடும்பம். தகப்பனார் புத்தகம் பைண்டு செய்யும் தொழிலாளியாக இருந்து, பிறகு தோல் சாமான்கள் செய்யும் சிறு பட்டறை வைத்துக்கொண்டவர். செய்து முடித்த சாமான்களைத் தள்ளுவண்டியில் வைத்து வாடிக்கைக்காரர் வீடுகளில் கொண்டு போய்க் கொடுப்பது சிறுவன் ருடால்பின் வேலை. 1870-ல் பிரான்ஸுக்கும் ஜெர்மனிக்கும் சண்டை மூண்டது. பாரிஸில் ஜெர்மானியருக்கு இடமில்லாமல் போயிற்று. குடும்பம் லண்டனுக்கு ஓடியது. அங்கே சாப்பாட்டுக்கே தடுமாற்றம். பன்னிரண்டு வயதுப் பையனைத் தனியாக ரயிலேற்றி ஜெர்மனியிலுள்ள ஆக்ஸ்பர்க் நகரத்து உறவினர் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

அங்கே படித்துத் தேறி, மியூனிக் நகரத் தொழிற்கல்லூரிக்குப் போனான் பையன். குளிர்சாதன யந்திரத்தில் பெயர் பெற்ற லிண்டே என்ற பேராசிரியரின் வகுப்பில், நீராவி எஞ்சின் தான் தின்கிற நிலக்கரியின் சக்தியில் 10-ல் ஒரு பங்கைக்கூட வேலையாக மாற்றுவதில்லை என்ற சங்கதியைக் கேட்டான். மீதியெல்லாம் வீண். அன்று முதல் அது அவனுக்கு ஒரு வியாதியாகவே ஆகிவிட்டது. இந்த இடத்தில் ஒரு கதையும் சொல்வார்கள். லிண்டே பினாங்கு பக்கத்திலிருந்து கொண்டு வந்த ஒரு ‘தீக்குழலை’ வகுப்பில் காட்டினாராம். மூங்கிலிலோ கொம்பிலோ செய்த சிறு குழல் அது. அதற்குள் ஒரு தண்டைச் செருகி ஓங்கி அடித்தால், உள்ளே அடைபட்ட காற்று நசுங்கிச் சூடேறி, தண்டின் நுனியில் வைத்த பஞ்சு பற்றிக்கொள்ளும். நெருப்புக் குச்சி இல்லாத நெருப்பு. மலாய்க் காட்டில் சுருட்டுப் பற்றவைக்க உதவிய அந்தக் குழலில்தான் டீசல் எஞ்சின் கருவுற்றது என்பது கதை. கதையை விட்டாலும் தத்துவம் அதுதான். பெட்ரோல் எஞ்சினில் மின்பொறி தீ மூட்டுகிறது. டீசல் எஞ்சினில் பொறி கிடையாது. சிலிண்டருக்குள் காற்றை 15, 20 மடங்கு நசுக்குகிறார்கள். அது சிவக்கக் காய்ந்த இரும்பைப் போல் கொதிக்கிறது. அந்தச் சமயம் பார்த்து எண்ணெயைத் தூவினால் தானே பற்றுகிறது.

1892-ல் டீசல் தம் யோசனைக்குப் பேடண்ட் கேட்டு விண்ணப்பித்தார். மறு வருஷம் ஒரு புஸ்தகமும் எழுதினார். அதில் கணக்கும் சூத்திரமும் நிறைய உண்டு. ஆனால் அவற்றின் நடுவே ஓர் ஆசையையும் அவர் ஒளிக்காமல் எழுதி வைத்தார். நீராவி எஞ்சின் பெரிய முதலாளிக்குத்தான் கட்டுப்படியாகும். அதற்குக் கொதிகலன் வேண்டும், புகைபோக்கி வேண்டும், கரி தள்ள ஆள் வேண்டும். ஆகவே தொழிலெல்லாம் பெரிய ஆலைகளில் போய்க் குவிகிறது. தறிக்காரனும் தச்சனும் கடைசல்காரனும் தங்கள் பட்டறையை மூடிவிட்டு ஆலை வாசலில் போய் நிற்கிறார்கள். சின்னதாக, சிக்கனமாக ஓர் எஞ்சின் கிடைத்தால் அவரவர் பட்டறையில், கிராமத்தில்கூட, அவரவர் தொழிலை நடத்தலாம் அல்லவா? தள்ளுவண்டி தள்ளிய பையன் நினைக்கக்கூடிய நினைப்புத்தான்.

1893 ஆகஸ்டில் ஆக்ஸ்பர்க் தொழிற்சாலையில் முதல் பரீட்சை. எஞ்சின் வெடித்து, அழுத்தம் காட்டும் கருவி தூள் தூளாகப் பறந்தது. பக்கத்தில் நின்றவர்கள் பிழைத்தது புண்ணியம். ஆறு மாதம் கழித்து, 1894 பிப்ரவரி 17-ஆம் தேதி, வெளிச் சக்தியால் சுழற்றப்பட்டுக்கொண்டிருந்த எஞ்சின் திடீரென்று தன் சொந்தக் காலில் நின்று ஒரு நிமிஷம் ஓடியது. வார்பட்டை தளர்ந்ததிலிருந்து அதைக் கண்டுகொண்ட தொழிலாளி ஒருவர், ஒன்றும் பேசாமல் தொப்பியைக் கழற்றினார் என்று எழுதியிருக்கிறார்கள். சரியாக மூன்று வருஷம் கழித்து, 1897-ல், உத்தியோக பூர்வமான பரீட்சை நடந்தது. எண்ணெயின் சக்தியில் 26 சதவிகிதத்துக்கும் மேல் வேலையாக மாறிற்று. உலகம் அதுவரை காணாத கணக்கு.

ஆனால் எஞ்சினைப் பார்த்தீர்களானால் தச்சனுடைய பட்டறையில் வைக்கிற சாமானா அது? ஏறக்குறைய 3 மீட்டர் உயரம். நாலரை டன் கனம். எண்ணெயைத் தூவுவதற்கென்றே தனியாகக் காற்றழுத்தும் யந்திரம் வேறு. விலை கொடுத்து வாங்கினவர்கள் யார்? தீப்பெட்டித் தொழிற்சாலை, கப்பல் கம்பெனி, மின்சார நிலையம். அமெரிக்காவில் அதைச் செய்யும் உரிமையைப் பத்து லட்சம் மார்க் கொடுத்து வாங்கியவர் அடால்பஸ் புஷ் என்ற பீர் மன்னர். சிறு தொழிலாளியைக் காப்பாற்றப் புறப்பட்ட எஞ்சின், பெரிய முதலாளியின் வீட்டுக்கு மாப்பிள்ளையாகப் போய்ச் சேர்ந்தது! டீசல் விடவில்லை. தொழிலாளர்கள் கூட்டாகச் சேர்ந்து தங்கள் ஆலையைத் தாங்களே நடத்துவது எப்படி என்று 1903-ல் இன்னொரு புஸ்தகம் எழுதினார். எஞ்சினைக் கண்டுபிடித்ததைவிட இதுவே தம் பெரிய காரியம் என்று அவர் நினைத்தாராம். சில நூறு பிரதிகளே விற்றன. புஸ்தகம் எழுதிப் பிழைக்கிறவன் என்ற முறையில் எனக்கு அவரிடம் பற்று உண்டாவதற்கு இந்த ஒரு சங்கதியே போதும்.

பத்து லட்சங்களையும் அவர் நிலத்திலும் எண்ணெய்க் கிணற்றிலும் போட்டுத் தொலைத்தார். 1913 செப்டம்பர் 29-ஆம் தேதி இரவு, ஆண்ட்வெர்ப் துறைமுகத்திலிருந்து இங்கிலாந்துக்குப் புறப்பட்ட ‘டிரெஸ்டன்’ கப்பலில் சாப்பிட்டுவிட்டு, நண்பர்களிடம் விடைபெற்றுத் தம் அறைக்குப் போனவர் காலையில் இல்லை. சில நாட்களுக்குப் பிறகு ஒரு டச்சுப் படகு கடலில் மிதந்த உடலைக் கண்டது. பையிலிருந்த மூக்குக் கண்ணாடிக் கூடு முதலிய சிறு சாமான்களைப் பார்த்து மகன் அடையாளம் சொன்னான். கொலை என்பார் உண்டு. உளவு என்பார் உண்டு. கடன்காரர்களின் பட்டியலைப் பார்த்தவர்கள் வேறு காரணம் தேடவில்லை.

மறு வருஷம் முதல் உலக யுத்தம் ஆரம்பமாயிற்று. டீசல் எஞ்சின் நீர்மூழ்கிக் கப்பலில் ஏறிச் சண்டைக்குப் போயிற்று. எத்தனை கப்பல்கள் அதனால் மூழ்கின, எத்தனை பேர் மாண்டார்கள் என்பது வேறு சரித்திரம். எனக்கு வேண்டியது 1919 ஜூனில் கையெழுத்தான வெர்ஸேல்ஸ் ஒப்பந்தத்தில் இருக்கிறது. ஜெர்மனி பாதி கட்டிய நீர்மூழ்கிகளையெல்லாம் உடைத்தாக வேண்டும். சரி, உடைத்த சாமான்களை என்ன செய்வது? 189-ஆவது ஷரத்து பதில் சொல்கிறது: அவற்றைத் தொழிலுக்கும் வியாபாரத்துக்கும் தவிர வேறெதற்கும் உபயோகிக்கக் கூடாது, வெளிநாட்டாருக்கு விற்கவும் கூடாது. சமாதான ஒப்பந்தங்களில் எத்தனையோ ஷரத்துகள் காற்றில் போயின. இந்த ஒன்று ஓரளவு பலித்தது. நீர்மூழ்கிக் கப்பலுக்கென்று பிறந்த எஞ்சின்களில் சில கரையேறி, டைனமோவைச் சுற்றி மின்சாரம் உண்டாக்கும் வேலைக்கு வந்தன. பழைய டீசல் ஜெனரேட்டர் குலத்துக்கு மூல புருஷரைத் தேடுகிறவர்கள் இங்கேதான் தேட வேண்டும் என்பேன். சர்வதேச ஒப்பந்தத்தின் பேரிலேயே மறுவாழ்வு பெற்ற யந்திரம் வேறு எது?

எஞ்சின் சின்னதாவதற்கு இன்னும் சில வருஷங்கள் பிடித்தன. காற்றழுத்தும் யந்திரத்தை ஒழித்து, எண்ணெயை நேரே பீய்ச்சும் பம்பை 1927-ல் பாஷ் கம்பெனி பெருவாரியாகச் செய்ய ஆரம்பித்தது. 1930-ஐ ஒட்டி, இங்கிலாந்தில் டர்ஸ்லி என்ற சிற்றூரிலிருந்த லிஸ்டர் கம்பெனி, 5 குதிரை சக்தியுள்ள ஒரு சிறு டீசல் எஞ்சினைக் கொண்டு வந்தது. இரண்டு பக்கமும் பெரிய கனச் சக்கரங்கள். நிமிஷத்துக்கு 600 சுற்று. அவசரமே அறியாத பிறவி. குளிர்ந்த நிலையிலேயே கையால் சுற்றிக் கிளப்பலாம். இந்த எஞ்சினோடு டைனமோவைச் சேர்த்து, லிஸ்டர்காரர்கள் பண்ணை வீடுகளுக்கென்று ஒரு வேடிக்கையான ஏற்பாடும் விற்றார்கள். வீட்டில் யாராவது ஒரு விளக்கைப் போட்டால், தோட்டத்துக் கொட்டகையில் எஞ்சின் தானே கிளம்பும். கடைசி விளக்கை அணைத்தால் தானே நிற்கும். இரவில் மாமியாருக்குத் தெரியாமல் விளக்குப் போட நினைத்த மருமகள்களின் கதி என்ன ஆயிற்றோ, தெரியாது.

டர்ஸ்லியில் இந்த வகை எஞ்சின் செய்வதை 1987-ல் நிறுத்திவிட்டார்கள். ஆனால் குஜராத்தில் ராஜ்கோட் பட்டறைக்காரர்கள் அதை நிறுத்தவில்லை. பழைய லிஸ்டரை அக்கக்காகப் பிரித்துப் பார்த்து, அதே அச்சில் வார்த்து, இந்தியா முழுவதற்கும் அனுப்பியதோடு கடல் கடந்தும் விற்றார்கள். பழைய எஞ்சினுக்கு உதிரிப் பாகம் கிடைக்காது என்ற பயம் இதனால் ஒழிந்தது. உதிரிப் பாகம் கிடைக்கிற வரையில் எஞ்சினுக்குச் சாவில்லை.

இனி நம் பக்கத்துக்கு வருவோம். 1905-ல் திருச்சியில் ரயில்வே உத்தியோகத்திலிருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், ஒரு பிரெஞ்சுக்காரரிடமிருந்து சினிமாக் கருவியை வாங்கிக்கொண்டு ஊர் ஊராகப் புறப்பட்டார் என்பது நேயர்களுக்குத் தெரிந்திருக்கும். கவனியுங்கள்; தமிழ்நாட்டுச் சினிமாவே இரண்டாம் கைச் சாமானில் ஆரம்பமானது! அந்தக் காலத்து ஊமைப் படத்தைக் கையால் சுற்றியே காட்டிவிடலாம். வெளிச்சத்துக்கும் வாயு விளக்கு இருந்தது. 1931-ல் ‘காளிதாஸ்’ வந்து படம் பேசத் தொடங்கியதும் அந்தச் சௌகரியம் போய்விட்டது. மோட்டார் ஒரே வேகத்தில் சுற்ற வேண்டும். ஒலிபெருக்கிக்கு மின்சாரம் வேண்டும். பைகாராவில் மின் உற்பத்தி தொடங்கியது 1932-ல்; மேட்டூரில் 1937-ல்; பாபநாசத்தில் 1944-ல். அந்தக் கம்பிகள் பெரிய நகரங்களுக்கும் ஆலைகளுக்கும் போய்விட்டுச் சாவகாசமாகவே கிராமத்துக்கு வந்தன. கம்பிக்கு முன்னால் கிராமத்துக்குப் போனது எஞ்சின். டூரிங் டாக்கீஸ்காரர் வண்டியில் கூடாரத் துணி, புரொஜெக்டர், மூங்கில் இவற்றோடு எஞ்சினையும் டைனமோவையும் ஏற்றிக்கொண்டு வந்தார். எங்கள் பாட்டி முதன்முதலாக மின்சார விளக்கைப் பார்த்தது கொட்டகை வாசலில்தான். படத்தைவிட அந்தக் குண்டு பல்பை அதிக நேரம் பார்த்ததாகச் சொல்வாள்.

கிராமத்துக்கு வந்த அந்த எஞ்சின்களுக்கு யுத்தம் ஒரு பெரிய சந்தையைத் திறந்துவிட்டது. 1945-ல் சண்டை ஓய்ந்தபோது, பர்மாவையும் சீனாவையும் நோக்கிக் குவித்து வைத்த தளவாடங்கள் இந்தியாவில் மலை மலையாகக் கிடந்தன. அமெரிக்கர் திருப்பி எடுத்துப் போவதைவிட விட்டுப் போவது மலிவு. 1946-ல் அவர்களுடைய மிச்சச் சாமான்களை இந்திய சர்க்கார் மொத்தமாக ஏற்றுக்கொண்டது. லாரி, ஜீப், கூடாரம், டெலிபோன் கம்பி, முகாம்களுக்கு விளக்குப் போட்ட ஜெனரேட்டர்கள் எல்லாம் ‘டிஸ்போஸல்’ என்ற பெயரில் விற்பனைக்கு வந்தன. ஜெனரேட்டர்கள் எல்லாமே டீசல் என்று சொல்ல முடியாது; பெட்ரோலில் ஓடியவையும் பல. ஆனாலும் ஒரு புது எஞ்சினுக்கு விண்ணப்பம் போட்டுக் காத்திருக்க முடியாத மில்காரருக்கும் கொட்டகைக்காரருக்கும் அது ஒரு பொற்காலம். பழைய தளவாடத்தை என்ன செய்யலாம் என்பதற்கு அந்தக் காலத்து அத்தாட்சி ஒன்று உண்டு. கான்பூரில் யாருக்கும் உதவாதபடி சேதப்படுத்திப் போட்டிருந்த லிபரேட்டர் குண்டு விமானங்களில் நாற்பதுக்கு மேற்பட்டவற்றை 1948-ல் பெங்களூர் விமானத் தொழிற்சாலைக்காரர்கள் பிழைக்க வைத்தார்கள். இந்திய விமானப் படையில் அவை 1968 வரை பறந்தன. ஆகாயத்தில் பறக்கிறதையே எழுப்பியவர்களுக்குத் தரையில் நிற்கிற எஞ்சின் எம்மாத்திரம்! எங்கள் ஊர்க் கொட்டகையின் பச்சை வர்ணத்தைப் பற்றி நான் அறவே சந்தேகப்படாததற்கு இதுதான் காரணம்.

2012-ஆம் வருஷம் பழைய ஜெனரேட்டருக்கு மறுபடியும் ஒரு காலம் பிறந்தது. தமிழ்நாட்டில் சுமார் 4,000 மெகாவாட் பற்றாக்குறை. சென்னையில் நாளைக்கு 2 மணி நேரம் மின்சாரம் நின்றது என்றால், வெளி ஜில்லாக்களில் 10 மணி, 12 மணி, அதற்கு மேலும் நின்றது. எங்கள் பக்கத்துச் சிறு நகரத்தில் என் நண்பர் ஒருவர் அச்சகம் வைத்திருந்தார். கல்யாணப் பத்திரிகைகள்தான் அவருக்குச் சோறு. மற்ற வேலையென்றால் நாளைக்குக் கொடுக்கிறேன் என்று சொல்லலாம்; முகூர்த்தத்தைத் தள்ளிப்போட முடியுமா? ஆவணி மாதத்தில் இரண்டு வாடிக்கைகள் கைவிட்டுப் போயின. புது ஜெனரேட்டர் விலை கேட்டார். அச்சகத்தையே விற்றால் வாங்கலாம் போலிருந்தது.

பழையது வாங்குவது என்று முடிவு செய்து, வயதான மெக்கானிக் ஒருவரை அழைத்துக்கொண்டு புறப்பட்டார். நானும் போனேன். பழைய இரும்புக் கடைகள் வரிசையாக உள்ள தெருவில் ஒரு கொட்டடி. 25 கேவிஏ ஜெனரேட்டர். ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் இருந்தது. மஞ்சள் வர்ணம் பளபளவென்று இருந்தது. கடைக்கார இளைஞர் சாவியைத் திருகியதும் கிண்ணென்று கிளம்பியது. நண்பர் பணத்தை எடுக்கவே போய்விட்டார். மெக்கானிக் எஞ்சினை நிறுத்தச் சொல்லி, சற்றுப் பொறுத்து, அதன் மேல் உள்ளங்கையை வைத்தார். குழந்தைக்கு ஜுரம் பார்ப்பது போல் இருந்தது.

“தம்பி, நாங்க வர்றதுக்கு முந்தியே ஓட்டி நிறுத்தியிருக்கியளே. இவ்வளவு சூடு அஞ்சு நிமிசத்திலே வராது. ஆறட்டும். நாங்க காப்பி குடிச்சிட்டு வாறோம்.”

காப்பி குடிக்க மூன்று மணி நேரம் ஆயிற்று. அந்த மூன்று மணி நேரத்தில் அவர் சொன்னவற்றைப் பழைய ஜெனரேட்டர் வாங்க எண்ணுகிறவர்களுக்காக எழுதுகிறேன். சூட்டோடு சூடாக எந்தக் கிழட்டு எஞ்சினும் கிளம்பிவிடும். விடியற்காலைக் குளிரில் கிளம்புகிறதா என்பதுதான் கேள்வி. கறுப்புப் புகை வந்தால் சுமை தாங்கவில்லை, அல்லது எண்ணெய் மிஞ்சுகிறது. நீலப் புகை வந்தால் மசகெண்ணெய் உள்ளே புகுந்து எரிகிறது, ரிங் தேய்ந்துவிட்டது. வெள்ளைப் புகை நின்றுவிட்டால் நல்லது. நிற்காவிட்டால் தண்ணீர் இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும். வெறுமனே ஓட்டிக் காட்டினால் நம்பக் கூடாது. சுமை ஏற்றி அரை மணியாவது ஓட்ட வேண்டும். கடைசியாக, ஓடிய மணி காட்டும் மீட்டர். ஆஸ்பத்திரி எஞ்சின் அது; 9 வருஷத்தில் 1,100 மணி சொச்சந்தான் ஓடியிருந்தது. நன்றாகப் பார்த்துக்கொண்டால் 10,000 மணிக்கு மேல் உழைக்கிற ஜாதி. “ஆஸ்பத்திரி, பேங்கு, பெரிய ஓட்டல், இங்கேயெல்லாம் எஞ்சின் சும்மா காவல் நிக்கும். வயசாகும்; தேயாது” என்றார். ‘வயசாகும்; தேயாது’ என்ற அந்தச் சொல்லை நான் என்னுடைய ஒரு நாவலில் வேறொரு சந்தர்ப்பத்தில் திருடிக்கொண்டேன்.

டீசல் எஞ்சின் இரண்டாவது எஜமானருக்கு ஏற்றதாக இருப்பதற்கு அதன் பிறவிக் குணமும் ஒரு காரணம். காற்றை அவ்வளவு நசுக்குவதால் சிலிண்டரையும் தண்டையும் கனமாகவே செய்தாக வேண்டும். தேய்கிற பாகத்தை, லைனரோ ரிங்கோ, கழற்றி மாற்றலாம். எஞ்சின் பழையபடி இளமையாகிவிடும். மூன்றாம் மணிக்கு எஞ்சின் ஆறியது. கிளப்பினார்கள். இரண்டு முறை இருமிவிட்டு ஓடியது. புதுசின் விலையில் பாதிக்கும் குறைவாகப் பேசி முடித்தார் மெக்கானிக்.

கார்த்திகை, தை முகூர்த்தங்கள் தப்பின. ஒரு லிட்டர் டீசலுக்கு 3 யூனிட் மின்சாரம் கிடைத்தால் அது உத்தமமான எஞ்சின். நண்பருடையது அதற்குச் சற்றுக் கீழே. மின்வாரியத்து யூனிட்டைப்போல் மூன்று மடங்கு செலவு பிடித்தது. ஆனால் அச்சகத்தில் வேலை செய்த நான்கு பேருக்கும் சம்பளம் நிற்கவில்லை. பக்கத்தில் துணி தைத்துக்கொண்டிருந்த ஓர் அம்மாளுக்கும் ஒரு கம்பி இழுத்துக் கொடுத்தார். இரண்டு தையல் மிஷின்களும் ஒரு விளக்கும் அதில் ஓடின. ஆலைக்குப் போகாமல் தன் வீட்டிலேயே தொழில் செய்த அந்த அம்மாளைப் பார்த்தபோது எனக்கு, இங்கிலீஷ் கால்வாய்ப் பக்கம் கடலில் காணாமற்போன அந்த மனிதரின் ஞாபகம் வந்தது.

எல்லாம் நன்மை என்று சொல்லிவிட்டால் கட்டுரை அழகாக முடியும். ஆனால் அச்சகத்துக்குப் பின் வீட்டில் இழுப்பு நோயுள்ள பெரியவர் ஒருவர் இருந்தார். எஞ்சின் ஓடுகிற நேரமெல்லாம் ஜன்னலைச் சாத்திக்கொண்டு, மின்விசிறியும் இல்லாமல் புழுங்கினார். நண்பர் புகைக் குழாயை இருபது அடி உயர்த்தினார். புகை மேலே போயிற்று. மாடி வீட்டுக்காரர் சண்டைக்கு வந்தார். அதே 2012-ஆம் வருஷம் ஜூன் மாதத்தில்தான், உலக சுகாதார ஸ்தாபனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆராய்ச்சிக் கழகம், டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று ஐயமறத் தீர்ப்புச் சொன்னது. 2005 முதல் நம் நாட்டில் செய்கிற ஜெனரேட்டர்கள் 1 மீட்டர் தூரத்தில் 75 டெசிபலுக்கு மேல் சப்தம் போடக் கூடாது என்று விதி வந்தது. 2023 ஜூலையிலிருந்து புகைக்கும் கடுமையான புது விதி. இந்த விதிகள் புது எஞ்சினுக்கு; பழையதை வாங்குகிறவன் பழைய புகையையும் பழைய சப்தத்தையும் சேர்த்தே வாங்குகிறான். விலையில் குறைந்த பாதியைப் பின்வீட்டுப் பெரியவர் கொடுத்தார் என்றுகூடச் சொல்லலாம். நண்பரிடம் இதை நான் சொன்னபோது, “அப்ப மிஷினை நிறுத்திரட்டுமா?” என்று கேட்டார். எனக்குப் பதில் இல்லை.

சின்ன மனிதன் கைக்கு எஞ்சின் வந்தால் அவன் சின்ன மனிதனாகவே இருப்பான் என்பதும் நிச்சயமில்லை. லெபனான் நாட்டில் 1975 முதல் 1990 வரை நடந்த உள்நாட்டுச் சண்டையின்போது மின்சாரம் சீர்குலைந்து, தெருவுக்குத் தெரு டீசல் ஜெனரேட்டர் முளைத்தது. 5 ஆம்பியர், 10 ஆம்பியர் என்று மாதச் சந்தாவுக்கு வீட்டுக்கு வீடு கம்பி இழுத்தார்கள். சண்டை ஓய்ந்தது, சந்தா ஓயவில்லை. தெருவுக்கு உபகாரம் செய்ய வந்தவர்கள் தெருவுக்கு ராஜாக்களாகிவிட்டார்கள். தையற்கார அம்மாளிடம் என் நண்பர் காசு வாங்கினாரா என்று கேட்காதீர்கள். வாங்கினார், நியாயமாகத்தான் வாங்கினார் என்று அவர் சொன்னார்.

2015-க்குப் பிறகு மின்வெட்டுக் குறைந்தது. ஜெனரேட்டர் இரண்டு வருஷம் அச்சகத்தின் கொல்லையில் சாக்குப் போர்த்திக்கொண்டு கிடந்தது. பிறகு ஒரு மைக் செட்காரர் வந்து விலை பேசி எடுத்துப் போனார். பின்வீட்டுப் பெரியவர் அப்போது இல்லை. முந்திய வருஷமே காலமாகிவிட்டார். அவருக்கு எண்பது வயதுக்கு மேல் என்று நண்பர் இரண்டு மூன்று தடவை சொன்னார்.

சென்ற ஆண்டு எங்கள் ஊர் அம்மன் கோயில் கொடைக்குப் போயிருந்தேன். டூரிங் டாக்கீஸ் இருந்த திடலில் வில்லுப்பாட்டு மேடை போட்டிருந்தார்கள். ஓரமாக ஒரு சிறு லாரியில் ஜெனரேட்டர் ஏற்றியிருந்தது. சிவப்பு வர்ணம். பழக்க தோஷத்தால் கிட்டப் போய்ப் பார்த்தேன். வர்ணம் பெயர்ந்த ஒரு மூலையில் மஞ்சள் தெரிந்தது. மைக் செட்காரரிடம் அது எங்கே வாங்கியது என்று விசாரித்தேன்.

“இது பெரிய ஆஸ்பத்திரியிலே ஓடினது, சார். ஆப்பரேசன் தியேட்டருக்கே கரண்டு கொடுத்த எஞ்சின்” என்றார்.

“அப்புறம் வேறே எங்கேயாவது இருந்ததா?”

“அதெல்லாம் இல்லை, சார். நேரே ஆஸ்பத்திரியிலேருந்துதான்.”

அதற்குள் மேடையிலிருந்து யாரோ கை காட்டினார்கள். அவர் லாரியில் ஏறிச் சாவியைத் திருகினார்.